தெருவின் அரசர்கள் – 9: ஜெஃப் ஃபோர்ட்டை வளர்த்தவர்கள்

சென்ற அத்தியாயத்தில் 1919 ஜூலை மாதத்துச் சிகாகோவைப் பார்த்தோம். மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன்மீது கல் எறிந்ததில் தொடங்கிய கலவரம், 38 உயிர்களை வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தது. அதைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனவர்கள், 'அத்லெடிக் கிளப்' என்று பலகை மாட்டிக்கொண்டிருந்த வெள்ளை இளைஞர் கும்பல்கள் என்று மாநில அரசு அமைத்த விசாரணைக் குழுவே எழுதிவைத்தது. அந்தக் குழு பெயர் சொல்லிக் குறிப்பிட்ட கிளப்புகளில் ஒன்று ஹாம்பர்க்.

பிரிட்ஜ்போர்ட் பகுதியின் ஐரிஷ் குடும்பத்துப் பையனான ரிச்சர்ட் டேலி, பதின்ம வயதிலேயே ஹாம்பர்க் கிளப்பில் சேர்ந்தவர். கலவரத்தின்போது அவருக்கும் வயது 17. அந்த நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று பிற்பாடு பலர் கேட்டுப் பார்த்தார்கள், அவர் வாயைத் திறக்கவில்லை. 1924இல் கிளப்பின் தலைவரானார். ஏறத்தாழ 15 வருடம் அந்தப் பதவியில் இருந்தார். கிளப் பையன்கள் தேர்தல் வேலை பார்த்தார்கள். தேர்தல் வேலை பார்த்தவர்களுக்கு நகராட்சியிலும் போலீசிலும் தீயணைப்புத் துறையிலும் இடம் கிடைத்தது. டேலி 1955இல் மேயர் ஆனார். 1976 டிசம்பரில் உயிர் பிரியும்வரை அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியில் சிகாகோ என்றால் அவர்தான்.

இப்போது அதே நகரத்தின் தெற்குப் பகுதிக்கு, வுட்லான் என்ற பேட்டைக்குப் போவோம். வடக்கே சிகாகோ பல்கலைக்கழகம், கிழக்கே ஜாக்சன் பூங்கா, நடுவே 63ஆம் தெரு. தலைக்கு மேலே தூண்கள்மீது ரயில் ஓட, கீழே கடைகளும் மதுக்கூடங்களும் சினிமாக் கொட்டகைகளுமாக ஒருகாலத்தில் ஜேஜே என்றிருந்த தெரு அது. பெரும்பாலும் வெள்ளையர்களே வாழ்ந்த பேட்டை. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின வணிகர் இங்கே ஒரு வீடு வாங்கி, உச்ச நீதிமன்றம்வரை வழக்காடி, 1940இல் ஜெயித்தார். அவருடைய மகள் லொரெய்ன் ஹான்ஸ்பெரி பிற்பாடு நாடக ஆசிரியராகப் பெயர் பெற்றார்.

1948இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய பத்திர நிபந்தனைகளை அமலாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு நடந்தது குடிபெயர்ப்பு அல்ல, ஓட்டம். பத்தே ஆண்டுகளில் வெள்ளையர்கள் ஏறக்குறைய முழுதாகக் காலி செய்தார்கள். மிசிசிப்பி, அலபாமா என்று தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் ஆறு அறை வீட்டைத் தடுத்துத் தடுத்து ஆறு குடித்தனம் ஆக்கினார்கள். 1960இல் வுட்லானில் 80,000 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

மிசிசிப்பியின் அபர்டீன் என்ற சிற்றூரில் 1947இல் பிறந்த ஜெஃப் ஃபோர்ட் இப்படி வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. எட்டு வயதில் சிகாகோவுக்கு வந்தான். பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு சரி. எழுதப் படிக்கச் சரியாக வராது என்று அவனை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒல்லியான உடம்பு, குறைவான பேச்சு. செயின்ட் சார்ல்ஸ் என்ற ஊரில் இருந்த சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோது, தன்னைவிடச் சில வயது மூத்த யூஜின் ஹேர்ஸ்டனோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டது. 'புல்' என்பது ஹேர்ஸ்டனின் பட்டப்பெயர். உடல்வாகைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். இருவரும் வெளியே வந்து, தங்கள் தெருவான பிளாக்ஸ்டோன் அவென்யூவின் பெயரில் 1959-60 வாக்கில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்தார்கள். பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ். ஆரம்பத்தில் விடலைப் பையன்கள் இருபது முப்பது பேர்.

மற்றக் கும்பல்களிடமிருந்து இவர்களை வேறுபடுத்தியது ஃபோர்ட்டின் ஒரு யோசனை. எதிரிக் கும்பலை அடித்துத் துரத்துவதற்குப் பதிலாக உள்ளே சேர்த்துக்கொள்வது. தோற்றவனுக்கும் ஒரு பதவி கொடுப்பது. அவன் தெரு அவனிடமே இருக்கும், ஆனால் 'ஸ்டோன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். இப்படிச் சேர்ந்த தலைவர்களைக் கொண்டு 21 பேர் சபை ஒன்றை ஃபோர்ட் அமைத்தான். 'மெயின் 21' என்று அதற்குப் பெயர். பத்தாண்டு முடிவதற்குள் உறுப்பினர் எண்ணிக்கையைப் போலீசாரே ஆயிரங்களில் சொன்னார்கள். மேற்கே எங்கிள்வுட் பகுதியில் டேவிட் பார்க்ஸ்டேல் தலைமையில் டிசைபிள்ஸ் என்ற கும்பல் மட்டும் கடைசிவரை அடங்கவில்லை. இரண்டு கும்பலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன், யார் பக்கம் என்று கேட்கப்பட்டால் தவறான பதில் சொல்லிவிடக் கூடாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரேஞ்சர்கள்பற்றிப் பின்னாளில் எழுதியவர்களில் ஒரு சாரார் அவர்களைப் புரட்சிக்காரர்களாகவே ஆக்கிவிட்டார்கள். 63ஆம் தெருக் கடைக்காரர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. மாமூல் கொடுக்காத கடையின் கண்ணாடி உடைந்தது. சேர மறுத்த பையன் அடிவாங்கினான், சில சமயம் சுடப்பட்டான். அடிவாங்கியவனும் கறுப்பினப் பையன்தான், பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரன்.

ஆனால் 1960களின் நடுவில் வுட்லானுக்கு வந்துபோன பெரிய மனிதர்கள் யாருக்கும் அந்தக் கடைக்காரரோ அந்தப் பையனின் தாயோ கண்ணில் படவில்லை. எல்லோரும் தேடிப்போனது ஜெஃப் ஃபோர்ட்டை.

முதலில் வந்தது தேவாலயம். வுட்லானின் ஃபர்ஸ்ட் பிரெஸ்பிட்டீரியன் சர்ச்சுக்கு 1965இல் ஜான் ஃப்ரை என்ற வெள்ளைப் பாதிரியார் பொறுப்பேற்றார். சபை மக்கள் பாதிப்பேர் புறநகருக்குப் போய்விட்டிருந்தார்கள். கட்டடமோ பிரம்மாண்டம். ரேஞ்சர்களுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார். கூட்டம் போட மண்டபம், கைதானால் ஜாமீன், வழக்குக்கு வக்கீல். ஃப்ரை ஏமாளி அல்ல. இந்தப் பையன்களை வீதியில் எதிர்கொள்வதைவிட மண்டபத்தில் எதிர்கொள்வது மேல் என்று கணக்குப் போட்டார். 1966இல் கும்பலின் துப்பாக்கிகளைச் சர்ச்சில் ஒப்படைக்கச் செய்து பூட்டிவைத்தார். இது அதிகாரிகளுக்குத் தெரிந்தே நடந்தது என்பது அவர் தரப்பு. பிறகு போலீஸ் அதே சர்ச்சைச் சோதனையிட்டு அதே துப்பாக்கிகளைக் 'கண்டுபிடித்தது'. தேவாலயம் ஆயுதக் கிடங்கு ஆகிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

கலைஞர்களும் வந்தார்கள். பாடகர் ஆஸ்கர் பிரவுன் ஜூனியர், ரேஞ்சர் பையன்களையும் பெண்களையும் வைத்து 1967இல் ஒரு இசை நிகழ்ச்சியை மேடையேற்றினார். புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ் அவர்களுக்குக் கவிதைப் பட்டறை நடத்தினார். 1968இல் வெளியான 'இன் தி மெக்கா' தொகுப்பில் ரேஞ்சர்களைப் பற்றியே அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். வந்தவர்களில் கைம்மாறு எதிர்பார்க்காதவர்கள் இவர்கள் இருவர்தான் என்பது என் எண்ணம்.

அடுத்து வந்தது வாஷிங்டன், கையில் பணத்தோடு. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அறிவித்த வறுமைக்கு எதிரான போரின் தலைமை அலுவலகம், 1967இல் வுட்லானில் வேலைப் பயிற்சி நடத்த 9,27,000 டாலர் ஒதுக்கியது. வாங்கிக்கொண்டது 'தி வுட்லான் ஆர்கனைசேஷன்' என்ற மக்கள் அமைப்பு. சால் அலின்ஸ்கியின் வழிகாட்டலில் உருவாகி, ஆர்தர் பிரேசியர் என்ற கறுப்பினப் பாதிரியார் தலைமையில் பல்கலைக்கழகத்தின் நில விரிவாக்கத்தையே எதிர்த்து நின்ற அமைப்பு அது. திட்டத்தின் புதுமை என்னவென்றால், பயிற்சி நிலையங்களை நடத்தப்போகிறவர்கள் கும்பல்காரர்களே. இரண்டு நிலையம் ரேஞ்சர்களுக்கு, இரண்டு டிசைபிள்ஸுக்கு. படிப்பை விட்ட 800 இளைஞர்களுக்குப் பயிற்சி, வாரத்துக்கு 45 டாலர் உதவித்தொகை. ஃபோர்ட்டுக்கும் ஹேர்ஸ்டனுக்கும் அரசாங்கச் சம்பளம்.

கெட்ட யோசனை என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அந்தப் பையன்கள் வேறு யார் சொல்லையும் கேட்கமாட்டார்கள் என்பது நிஜம். ஆனால் உதவித்தொகைக் காசோலையை ஒருவன் கையில் கொடுத்து, அவனுடைய வருகைப் பதிவேட்டை அவன் பயப்படும் ஆளிடமே கொடுத்தால் என்ன ஆகும்? வராதவனுக்கு வந்ததாகக் கையெழுத்து விழுந்தது. வந்தவனின் 45 டாலரில் கும்பலுக்கு ஒரு பங்கு போனது. திட்டத்தை ஆதரித்தவர்கள் பின்னாளில் சொன்ன ஒரு வாதத்தையும் பதிவுசெய்ய வேண்டும். மேயர் டேலி இதைத் தொடக்கம் முதலே நெரித்தார். மத்தியப் பணம் எதுவானாலும் நகர மன்றத்தின் வழியாக, அதாவது தன் கட்சி இயந்திரத்தின் வழியாக வரவேண்டும் என்பது அவருடைய சட்டம். இந்தத் தொகை அவரைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. போலீசின் கும்பல் உளவுப் பிரிவு பயிற்சி நிலையங்களில் அடிக்கடி நுழைந்தது. ஊழியர்களைக் கைது செய்தது. ஓராண்டுகூட முழுதாக ஓடாமல் 1968 மே மாதத்தில் கடை மூடப்பட்டது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். சிகாகோவின் மேற்குப் பகுதி மைல் கணக்கில் எரிந்தது. தீ வைப்பவர்களைச் சுட்டுக் கொல்லுங்கள் என்று தான் உத்தரவிட்டதாக டேலி பத்திரிகையாளர்களிடமே சொன்னார். வுட்லான் அந்த அளவுக்கு எரியவில்லை. ரேஞ்சர்களும் டிசைபிள்ஸும் தற்காலிகமாகச் சமாதானம் செய்துகொண்டு ஆட்களை அடக்கிவைத்தார்கள். இது நல்லெண்ணமா, தங்களுக்கு மாமூல் தரும் கடைகளைத் தாங்களே எரிப்பானேன் என்ற கணக்கா என்று அன்றே சர்ச்சை கிளம்பியது. இரண்டும் கலந்திருந்தால் வியப்பில்லை. எப்படியிருந்தாலும் நகரம் அறிந்துகொண்ட செய்தி ஒன்றுதான். ஜெஃப் ஃபோர்ட் நினைத்தால் ஒரு பேட்டையை எரியாமல் வைத்திருக்க முடியும்.

ஜூலையில் செனட் கூப்பிட்டது. ஆர்க்கன்சா மாநிலத்து செனட்டர் ஜான் மெக்லெலன் தலைமையிலான விசாரணைக் குழு, அந்த 9,27,000 டாலர் என்ன ஆனது என்று கேட்கத் தொடங்கியது. கும்பலை விட்டு விலகியவர்கள் சாட்சி சொன்னார்கள். பங்கு வசூலித்தது, கஞ்சா, கொலைத் திட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஃபோர்ட்டின் முறை வந்தபோது அவருடைய வக்கீல், தன் கட்சிக்காரர்மீது குற்றம் சொன்ன சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். மெக்லெலன் மறுத்தார். ஃபோர்ட் தன் பெயரை மட்டும் சொன்னார். பிறகு வக்கீலும் அவரும் எழுந்து நடந்து வெளியே போய்விட்டார்கள். 21 வயது. அமெரிக்க செனட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டு வந்தவர் என்ற பெயரோடு சிகாகோ திரும்பினார். செனட்டை அவமதித்த வழக்கு பின்னால் வந்தது. ஆனால் ஒரு தெருத் தாதாவுக்கு அதைவிடப் பெரிய விளம்பரத்தை யார் செய்திருக்க முடியும்?

ஹேர்ஸ்டன் ஒரு கொலைத் தூண்டுதல் வழக்கில் சிறைக்குப் போக, போட்டியின்றி ஃபோர்ட் ஒற்றைத் தலைவரானார். அமைப்பின் பெயரும் பிளாக் பி. ஸ்டோன் நேஷன் என்று நீண்டது. 1969 ஜனவரியில் ரிச்சர்ட் நிக்சனின் பதவியேற்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. ஆம், ஜெஃப் ஃபோர்ட்டுக்கு. அவர் போகவில்லை, மெயின் 21 சபையின் மிக்கி காக்வெல் போன்றவர்களை அனுப்பிவைத்தார்.

அதே ஜனவரியில் இன்னொரு கடிதமும் ஃபோர்ட்டுக்குத் தயாரானது. இதற்கு முன்கதை உண்டு. சிகாகோவில் பிளாக் பாந்தர் கட்சிக்குக் கிளை தொடங்கிய ஃப்ரெட் ஹாம்ப்டன் என்ற 20 வயது இளைஞர், கும்பல்களைத் தன் பக்கம் இழுத்து அரசியலாக்கிவிட முடியும் என்று நம்பினார். 1968 டிசம்பரில் ஃபோர்ட்டைச் சந்தித்துப் பேசினார். பேச்சு கூடிவரவில்லை. ஆனால் கூடிவந்துவிட்டால்? ஆயிரக்கணக்கான துப்பாக்கிக்காரர்களும் கொள்கைக்காரர்களும் ஒன்றுசேர்ந்தால்? எஃப்.பி.ஐ. தலைமையகத்தைத் தூங்கவிடாத கேள்வி இது. யாரோ ஒரு கறுப்பினச் சகோதரன் எழுதியதுபோல, பாந்தர்கள் உன்னைத் தீர்த்துக்கட்ட ஆள் வைத்திருக்கிறார்கள் என்று ஃபோர்ட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுத சிகாகோ அலுவலகம் அனுமதி கேட்டது. மாத இறுதியில் அனுமதி கிடைத்தது. ஃபோர்ட் பதிலடியாக ஹாம்ப்டன் ஆட்கள்மீது பாய்வார் என்பது எதிர்பார்ப்பு. உள்குறிப்புகளில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1976இல் செனட் விசாரணைக் குழு ஒன்றின் அறிக்கை அதை உலகத்துக்குக் காட்டியது.

ஒரு மத்திய அரசு நிறுவனம், ஒரு கும்பல் தலைவன் கொலை செய்வான் என்று நம்பி, அவன் கைக்குக் காரணத்தை எழுதிக் கொடுத்தது. கும்பலின் வன்முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மொட்டைக் கடிதத்தை ஒரு வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஃபோர்ட் அந்தத் தூண்டிலைக் கடிக்கவில்லை. ஹாம்ப்டனைக் கொன்றவர்கள் வேறு. 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹான்ரஹனின் அலுவலகத்தோடு இணைந்த போலீசார் அவருடைய வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். ஹாம்ப்டனும் மார்க் கிளார்க்கும் செத்தார்கள். போலீஸ் தரப்பில் 80க்கும் மேற்பட்ட குண்டுகள், பாந்தர்கள் தரப்பில் ஒன்றே ஒன்று என்று மத்திய நடுவர் குழு பிறகு கண்டறிந்தது. அந்த ஆண்டுதான் ஹான்ரஹனும் டேலியும் சேர்ந்து கும்பல்கள்மீது போர் அறிவித்திருந்தார்கள். முன்னாள் ஹாம்பர்க் கிளப் தலைவரின் போர்.

அந்த 1969 கோடையில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. வைஸ் லார்ட்ஸ், ஸ்டோன்ஸ், டிசைபிள்ஸ் ஆகிய மூன்று கும்பல்களும் சி.டி. விவியன் போன்ற மக்கள் உரிமைத் தலைவர்களோடு கைகோத்து, நகரத்தின் பெரிய கட்டுமான இடங்களுக்குள் நுழைந்து வேலையை நிறுத்தின. கட்டடத் தொழிற்சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. எங்களுக்கும் வேலை கொடு என்பது கோரிக்கை. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் சிவப்புத் தொப்பியோடு வந்து நின்றால் மேஸ்திரி என்ன செய்வார், வேலையை நிறுத்தினார். 1970 ஜனவரியில் 4,000 வேலை தருவதாக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை நடத்த நியமிக்கப்பட்ட நகர மன்ற உறுப்பினர், திட்டப் பணத்தில் ஏறக்குறைய 1,00,000 டாலரைக் கையாடல் செய்து சூதாட்டத்தில் தொலைத்தார். திட்டமும் அவரோடு போயிற்று. கும்பல்காரனை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்று இரண்டு வருடம் முழங்கியவர்கள், இந்தக் கனவானைப் பற்றி அந்த அளவுக்கு முழங்கவில்லை.

1972இல் ஃபோர்ட்டுக்கு அரசுப் பணத்தை மோசடி செய்த வழக்கில் ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. லெவன்வொர்த் சிறையில் இருந்தபோது அவர் மதம் மாறினார். மூரிஷ் சயன்ஸ் டெம்பிள் என்ற கறுப்பின இஸ்லாமியப் பிரிவின் சாயல் அவருடைய பேச்சில் ஏறியது. 1976இல் வெளியே வந்தவர் பழைய ஃபோர்ட் அல்ல. அமைப்புக்கு எல் ருக்ன் என்று பெயர் வைத்தார். தான் இனி மாலிக் என்றார். மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. உணவக ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டிருந்த மிக்கி காக்வெல், நிக்சன் விழாவுக்குப் போய்வந்த அதே காக்வெல், 1977 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

டிரெக்சல் பூல்வார்டில் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை வாங்கி, இரும்புக் கதவு போட்டுத் தலைமையகம் ஆக்கினார்கள். 'தி ஃபோர்ட்', அதாவது கோட்டை, என்று ஊர் சொன்னது. அதற்குள் தொழுகை நடந்தது; மெயின் 21 சபைக்குப் பதிலாகத் தளபதிகள் வந்தார்கள். வெளியே போதை மாத்திரை வியாபாரம். 1960களில் ரேஞ்சர்களின் வருமானம் மாமூலும் சில்லறைத் திருட்டும்தான். பத்தாண்டு கழித்து வீட்டு மனைகள், மாத்திரைகள், கூலிக் கொலைகள் என்று அது ஒரு நிறுவனமாகிவிட்டது. வுட்லானோ தேய்ந்துகொண்டே போனது. வரிசையாக வீடுகள் தீப்பிடித்தன. காப்பீட்டுப் பணத்துக்காக எரிந்தவையும் அவற்றில் உண்டு. 1970இல் 54,000 ஆகச் சுருங்கிய மக்கள்தொகை, 1990இல் 27,000 பக்கம் வந்து நின்றது. 63ஆம் தெருவில் மாமூல் வசூலிக்கக் கடையே மிஞ்சவில்லை.

1983இல் போதைப்பொருள் வழக்கில் 13 ஆண்டுத் தண்டனை பெற்று ஃபோர்ட் டெக்சஸ் மாநிலத்தின் பாஸ்ட்ராப் சிறைக்குப் போனார். அங்கிருந்தபடியே தொலைபேசியில் கும்பலை நடத்தினார். கைதிகளின் அழைப்புகள் பதிவாகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால் தானே உருவாக்கிய ஒரு சங்கேத மொழியில் பேசினார். எழுதப் படிக்கத் தடுமாறியவர் ஒரு அகராதி அளவுக்குச் சங்கேதச் சொற்களை மனத்திலேயே வைத்திருந்தார். அவருடைய தளபதிகளும் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. பிடிபட்ட ஒருவர் அப்ரூவராக மாறி அர்த்தம் சொல்லித் தந்த பிறகுதான் எஃப்.பி.ஐ.க்கு அந்த ஒலிநாடாக்கள் விளங்கின.

விளங்கியபோது தூக்கிவாரிப் போட்டிருக்கும். லிபியாவின் கடாஃபி 1985இல் நேஷன் ஆஃப் இஸ்லாம் தலைவர் லூயிஸ் ஃபரகானுக்கு 50 லட்சம் டாலர் கடன் கொடுத்திருந்தார். அது ஃபோர்ட்டின் கண்ணை உறுத்தியது. ஃபரகானுக்குக் கொடுத்தால் நமக்கும் கொடுக்கலாமே. 25 லட்சம் டாலர் தந்தால் அமெரிக்க மண்ணில் விமானங்களையும் கட்டடங்களையும் தகர்த்துத் தருகிறோம் என்ற பேரத்தோடு 1986இல் அவருடைய ஆட்கள் லிபியாவுக்கே போய்வந்தார்கள். அந்த ஏப்ரலில்தான் ரீகன் அரசு திரிப்போலிமீது குண்டு போட்டது. ஜூலை மாதம் எல் ருக்ன் ஆட்கள் டாங்கி தகர்க்கும் ராக்கெட் ஒன்றை 1,800 டாலருக்கு வாங்கினார்கள். விற்றவர் மாறுவேடத்தில் இருந்த எஃப்.பி.ஐ. அதிகாரி. ராக்கெட் வெடிக்காதபடி செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. சில நாட்களில் சோதனை போட்டு அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

லிபியர்கள் பணம் ஒன்றும் கொடுத்துவிடவில்லை. ஆனால் பேரம் பேசியதே சதி. 1987 நவம்பரில் தீர்ப்பு. பணத்துக்காக ஒரு வெளிநாட்டு அரசின் சார்பில் பயங்கரவாதச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்ட முதல் அமெரிக்கக் குடிமக்கள் இவர்கள்தான். ஃபோர்ட்டுக்கு 80 ஆண்டு. மறுவருடம் 1981ஆம் ஆண்டுக் கொலை ஒன்றுக்கு உத்தரவிட்டதாக இன்னும் 75 ஆண்டு. பின்னாளில் கொலராடோவின் ஃப்ளாரன்ஸ் உயர்பாதுகாப்புச் சிறைக்கு மாற்றினார்கள். டிரெக்சல் பூல்வார்டுக் கொட்டகையை 1990இல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பல நூல்கள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. ஆனால் வழக்கு முடியவில்லை. 1989இல் எல் ருக்ன் உறுப்பினர்களும் கூட்டாளிகளுமாக 65 பேர்மீது மொத்தமாகக் குற்றச்சாட்டு பதிவாகி, வரிசையாகத் தண்டனைகளும் விழுந்தன. 1993இல் மூன்று மத்திய நீதிபதிகள் அவற்றில் பலவற்றை ரத்துசெய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். காரணம், அரசுத் தரப்பு. அப்ரூவர்களாக மாறிய முக்கிய சாட்சிகள் அரசின் காவலில் இருந்தபோதே போதைப்பொருள் எடுத்திருந்தார்கள். அரசு வழக்கறிஞர்களின் அலுவலகத்திலேயே காதலிகளையும் மனைவியரையும் தனிமையில் சந்தித்தார்கள். இவையெல்லாம் நீதிமன்றத்திடம் மறைக்கப்பட்டிருந்தன.

அதே 1993இல் குக் கவுண்டியின் நீதிபதி தாமஸ் மலோனி குற்றவாளி என்று தீர்ப்பானது. கொலை வழக்குகளில் லஞ்சம் வாங்கித் தீர்ப்பு எழுதியவர். 1986இல் இரட்டைக் கொலை வழக்கில் சிக்கிய இரண்டு எல் ருக்ன் ஆட்களை விடுவிக்க 10,000 டாலர் அவர் கைக்குப் போயிருந்தது. விசாரணை நடக்கும்போதே எஃப்.பி.ஐ. தன்னைக் கவனிப்பதாகச் சந்தேகம் தட்டியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு நின்றாரா? தான் நேர்மையானவன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? இருவரையும் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மரண தண்டனை விதித்தார்.

இருவரில் ஒருவர் மறு விசாரணை கிடைத்து, 2009இல்தான் குற்றமற்றவர் என்று விடுதலையானார். பிறகு நகரத்தின்மீது அவர் தொடுத்த வழக்கில், தனக்குச் சாதகமான குறிப்புகள் அடங்கிய போலீஸ் கோப்பு ஒன்று ஒரு காவல் நிலையத்தின் அடித்தள அலமாரியிலேயே கிடந்தது தெரியவந்தது. 2016இல் நடுவர் குழு அவருக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு என்று முடிவு சொன்னது. வுட்லான் முழுமைக்கும் வேலைப் பயிற்சிக்கென 1967இல் ஒதுக்கியது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. டாலர் மதிப்பு இறங்கியதைக் கழித்துப் பார்த்தாலும் இழப்பீடுதான் பெரிய தொகை.

ஃபோர்ட் உள்ளே போனதும் தெற்குப் பகுதியின் தெருக்களில் வெற்றிடம் ஒன்றும் ஏற்படவில்லை. டிசைபிள்ஸ் அதற்குள் பார்க்ஸ்டேலை இழந்து, லாரி ஹூவர் என்ற இன்னொரு சிறைக்கைதியின் கைக்கு வந்திருந்தார்கள். அவருடைய கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)